இரண்டு லைன் இருந்தும் பாதிப் போன்களுக்கு டைம் அவுட்: பதில் எந்த வழியாகத் திரும்புகிறது?

குன்னூர் வாசகர் கேட்டது, அக்டோபர் 14

"ஃபாக்டரிக்கு ஃபைபர் ஒன்று, ரேடியோ லைன் ஒன்று. இரண்டுக்கும் ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத முகவரி. ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) தேயிலை எடை போடுபவர்கள் போனிலிருந்து எடையை எங்கள் சர்வருக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாதமாகப் பாதிப் பேருக்குப் போகிறது, பாதிப் பேருக்கு டைம் அவுட். ஒரே ஆளுக்குக் காலையில் போகும், மத்தியானம் போகாது. பிங் அடித்தால் (சர்வர் பதில் தருகிறதா என்று தட்டிப் பார்த்தால்) நன்றாக வருகிறது. ஸ்பீடு டெஸ்டும் குறையில்லை. லைன்காரர்கள் இருவரும் தங்கள் பக்கம் கோளாறு இல்லை என்கிறார்கள். சர்வரை மாற்ற வேண்டுமா?"

அக்டோபர் 14, இரவு 9.30

சர்வரை மாற்ற வேண்டாம். லைன்காரர்களோடு சண்டையும் இப்போதைக்கு வேண்டாம். கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் எங்கள் ஃபாக்டரியிலும் செப்டம்பர் கடைசியிலிருந்து இதே தொல்லை. இன்னும் தீரவில்லை. பார்க்கப் பார்க்க இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். பிங் அடித்தீர்களே, எந்த முகவரிக்கு? சர்வர் பெயரைப் போட்டு அடித்தால் இரண்டு முகவரியில் ஏதோ ஒன்றுக்குத்தான் போகும். இரண்டையும் தனித்தனியாக எண்ணைப் போட்டு அடித்துப் பாருங்கள். அதையும் ஃபாக்டரி வைஃபையில் இருந்துகொண்டு அடிக்காதீர்கள். வெளியே வந்து மொபைல் டேட்டாவில் அடியுங்கள்.

அக்டோபர் 15, காலை

கேட்டவர் அடித்துப் பார்த்துவிட்டார். ஃபைபர் முகவரிக்குப் பதில் வருகிறது, ரேடியோ முகவரிக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ரேடியோ லைன் உயிரோடுதான் இருக்கிறது; ஃபைபரைக் கழற்றிவிட்டால் ஆபீஸ் முழுக்க அதில்தான் ஓடுகிறது.

எங்களுக்கும் அச்சு அசலாக இதுதான். ஃபைபர் அறுந்தாலும் எடைப் பதிவு நிற்கக் கூடாது என்று செப்டம்பரில் சர்வர் பெயருக்கு இரண்டாவது முகவரியையும் சேர்த்தேன். தொல்லை ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். பெயரைக் கேட்கும் போனுக்கு இரண்டு முகவரியும் கிடைக்கும், வரிசை மட்டும் மாறி மாறி வரும். முதலில் ஃபைபர் வந்தால் வேலை நடக்கிறது, ரேடியோ வந்தால் நிற்கிறது. பாதிக்குப் பாதி என்ற கணக்கும், காலையில் போய் மத்தியானம் போகாததும் இதனால்தான்.

அக்டோபர் 15, இரவு

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். போன வெள்ளிக்கிழமை ஒரு ஹட்டியில் எடை போடும் ஷெட்டில் நின்றேன். நல்ல மழை. தராசில் 23.4 கிலோ காட்டுகிறது. சாக்கைத் தூக்கி வந்த அம்மா பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போனில் வட்டம் சுற்றுகிறது. பத்து விநாடி, இருபது விநாடி. எடை போடும் தம்பி திரும்ப அழுத்துகிறார். பின்னால் பதினைந்து பேர். மழை நாளில் ஈரத்துக்கென்று கிலோ கழிப்பதிலேயே அவர்களுக்கு ஆயிரம் சந்தேகம். அதன் மேல் எடை ஏறாமல் ரசீதும் வராமல் நின்றால் ஃபாக்டரி ஏதோ செய்கிறது என்றுதானே நினைப்பார்கள்? ரூட்டரில் என்ன கோளாறு என்று அந்த அம்மாவிடம் நான் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அது ஓடியாக வேண்டும்.

அக்டோபர் 16

இன்று உட்கார்ந்து பாக்கெட்டுகளை, அதாவது லைனில் போய்வரும் தகவல் துண்டுகளைப் பார்த்தேன். எங்கள் ரூட்டர் லினக்ஸ் போட்ட சின்னப் பெட்டி, அதனால் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை நேராக ஓட்டலாம். இரண்டு விண்டோ திறந்து, ஒன்றில் ரேடியோ இன்டர்ஃபேஸ் (ரூட்டரில் அந்த லைன் சேரும் வாசல்), மற்றதில் உள்ளே சர்வர் பக்கத்து இன்டர்ஃபேஸ். உதாரணத்துக்கு ஃபைபர் முகவரியை 198.51.100.10 என்றும் ரேடியோ முகவரியை 203.0.113.20 என்றும் வைத்துக்கொள்வோம். உதாரணம் காட்டவே ஒதுக்கி வைத்த எண்கள் இவை.

வெளியே வந்து போனில் 203.0.113.20ஐத் தட்டினேன். ரேடியோ பக்கத்து விண்டோவில் சின் பாக்கெட் (கனெக்ஷன் தொடங்கலாமா என்று கேட்கும் முதல் பாக்கெட்) வந்தது. ஒரு விநாடி கழித்து அதே சின். மூன்றாவது விநாடியில் மறுபடி. ஏழாவதில் மறுபடி. பதில் வராத போன் 1, 2, 4 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே கேட்கும். இந்தத் தாளத்தைப் பார்த்தால் கேட்டது வந்திருக்கிறது, பதில் மட்டும் போய்ச் சேரவில்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

சர்வர் பக்கத்து விண்டோவில் ஒரு வரிகூட இல்லை. ரூட்டரின் வாசல்வரை வந்த பாக்கெட்டை ரூட்டரே உள்ளே விடவில்லை.

ஃபயர்வால் லாக்கிலும் ஒன்றும் இல்லை. காரணம், தள்ளியது ஃபயர்வால் அல்ல, ஆர்பி ஃபில்டர். ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்பதன் சுருக்கம். வந்த பாக்கெட்டை அனுப்பியவருக்குப் பதில் போட்டால் எந்தப் பக்கம் போகும் என்று ரூட்டிங் டேபிளை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலைப் பார்க்கும். வந்த பக்கமும் அதுவும் ஒன்றாக இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். எங்கள் டிஃபால்ட் ரூட் (தனியாக வழி எழுதாத எல்லா முகவரிக்கும் உரிய வழி) ஃபைபர் பக்கம். அதனால் ரேடியோவில் வரும் வெளியாட்கள் எல்லாரும் அதன் கணக்கில் பொய் முகவரிக்காரர்கள். என்ஸ்டாட் என்ற கட்டளை காட்டும் எண்களில் ஐபி ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்று ஒன்று இருக்கும். போனில் தட்டத் தட்ட அது ஏறியது.

அக்டோபர் 16, நள்ளிரவு

ரேடியோ இன்டர்ஃபேஸில் ஆர்பி ஃபில்டரை 0 ஆக்கினேன். ஒன்றும் மாறவில்லை. ரீபூட்டும் செய்தேன். அப்போதும் இல்லை. தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 17

காரணம் தெரிந்துவிட்டது. லினக்ஸில் இந்த எண் இரண்டு இடத்தில் இருக்கிறது: "ஆல்" என்று பொதுவாக ஒன்று, இன்டர்ஃபேஸுக்கு ஒன்று. இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லும். ஆல் 1 என்று இருக்கும்போது இன்டர்ஃபேஸில் 0 போட்டால் முடிவு 1தான். ஆனால் இன்டர்ஃபேஸில் 2 போட்டால் முடிவு 2. 0 என்றால் சோதனையே இல்லை. 1 என்றால் கண்டிப்பு. 2 என்றால் தளர்வு. தளர்வில், வந்தவருக்கு ஏதோ ஒரு பக்கம் ரூட் இருந்தால் போதும், விட்டுவிடும்.

2 போட்டேன். சர்வர் பக்கத்து விண்டோவில் சின் வந்தது, சர்வரின் பதிலும் வந்தது.

போனில் மட்டும் இன்னும் வட்டம் சுற்றுகிறது.

அக்டோபர் 17, மாலை

ஊட்டியிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்குமே." தெரிந்திருக்காது. டிரேஸ்ரூட் காட்டுவது போகிற வழியை மட்டும். திரும்புகிற வழி அதில் வராது. ஒவ்வொரு வரியிலும் நிற்கும் மில்லிசெகண்டில் போனதும் வந்ததும் கலந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் நடுவில் ஒரு வரியில் எண் எகிறினால் அந்த இடம்தான் கோளாறு என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அங்கிருந்து பதில் வேறு வழியாகச் சுற்றி வந்திருக்கலாம். இரண்டு முனையிலிருந்தும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்டு.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும் வழியும் திரும்பும் வழியும் வேறாக இருப்பதே நோய் என்று நினைக்க வேண்டாம். இன்டர்நெட் முழுக்க அப்படித்தான் ஓடுகிறது. நடுவில் யாராவது கணக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் வம்பு: ஃபயர்வால், நாட் (உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றிப் போடுவது), முகவரி சோதிக்கும் ஃபில்டர்.

அக்டோபர் 18

மூன்றாவது விண்டோ திறந்து ஃபைபர் இன்டர்ஃபேஸைப் பார்த்தேன். அங்கே இருக்கிறது நம் பதில். அனுப்புநர் முகவரி 203.0.113.20, அதாவது ரேடியோ முகவரி. போகிறதோ ஃபைபர் வழியாக. சர்வரின் பதில் ரூட்டருக்கு வந்தது, ரூட்டர் முகவரியைச் சரியாகத் திருப்பிப் போட்டது, பிறகு டிஃபால்ட் ரூட்டைப் பார்த்து ஃபைபர் பக்கம் தள்ளிவிட்டது.

ஃபைபர்காரர் அந்தப் பாக்கெட்டைக் கீழே போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. தான் கொடுக்காத முகவரியைப் போட்டு வரும் பாக்கெட்டை வெளியே விடாதே என்று 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2827 என்ற இன்டர்நெட் நெறிமுறை ஆவணம் சொல்கிறது. நம்மைப் போல இரண்டு லைன் வைத்திருப்பவர்களைப் பற்றி 2004இல் ஆர்எஃப்சி 3704 எழுதினார்கள். பொய் முகவரி போட்டுத் தாக்குபவர்களை நிறுத்த இதுதான் வழி. எல்லா லைன்காரரும் இதைச் செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

நேற்று ராத்திரி இரண்டாவது முகவரியை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எடுத்தால் தொல்லை தீரும், ஃபைபர் அறுந்த அன்று எடைப் பதிவும் தீரும். எடுக்கவில்லை.

அக்டோபர் 19

செய்தது இது. ரேடியோவில் புதிதாக வரும் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் 2 என்று மார்க் (ரூட்டர் தனக்குள் வைத்துக்கொள்ளும் அடையாளம்). சர்வரிலிருந்து பதில் வரும்போது அந்தக் கனெக்ஷனின் மார்க்கை எடுத்துப் பாக்கெட்டில் ஒட்டு. மார்க் 2 இருந்தால் இரண்டாவது ரூட்டிங் டேபிளைப் பார். அந்த டேபிளில் டிஃபால்ட் ரூட் ரேடியோ பக்கம். வந்த வாசலிலேயே திரும்பு என்பதை ரூட்டருக்குச் சொல்லும் முறை இவ்வளவுதான்.

முதலில் தப்பாகச் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். உள்ளே வரும் பாக்கெட்டிலும் மார்க்கை ஒட்டிவிட்டேன். இரண்டாவது டேபிளில் டிஃபால்ட் ரூட்டைத் தவிர வேறு வரி இல்லை. நம் உள் நெட்வொர்க்கே அதற்குத் தெரியாது. ரேடியோவில் வந்த சின், சர்வருக்குப் போகாமல் திரும்ப ரேடியோ வழியாகவே வெளியே ஓடியது. ஒரே விண்டோவில் வரவும் போகவும் பார்த்துக் கொஞ்ச நேரம் முழித்தேன். அந்த டேபிளில் உள் நெட்வொர்க்குக்கும் ஒரு ரூட் சேருங்கள். மார்க்கை ஒட்டுவதைச் சர்வர் பக்கத்திலிருந்து வரும் பாக்கெட்டுக்கு மட்டும் வையுங்கள். நான் இரண்டையும் செய்தேன்.

ரூட்டரே கொடுக்கும் பதில்களுக்கு (பிங், ரூட்டரில் ஓடும் விபிஎன்) இது போதாது, அவை வேறு பாதையில் பிறக்கின்றன. அதற்குத் தனியாக ஒரு விதி: அனுப்புநர் முகவரி 203.0.113.20 என்றால் இரண்டாவது டேபிள்.

இரவு 11.10க்குப் போனில் தட்டினேன். உடனே திறந்தது. ஃபைபரையும் தட்டினேன், அதுவும் திறந்தது. திரும்பத் திரும்ப ஒரு இருபது தடவை தட்டியிருப்பேன்.

அக்டோபர் 20

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. விதியை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்ஷன்களுக்கு மார்க் கிடையாது. அவை பழைய வழியிலேயே போகும். எங்கள் கோயம்புத்தூர் ஆபீஸுக்கான விபிஎன் காலையிலும் இறந்தே கிடந்தது. 25 விநாடிக்கு ஒரு முறை அது ஏதாவது அனுப்பிக்கொண்டே இருப்பதால் ரூட்டரின் கனெக்ஷன் கணக்கில் அந்த வரி அழிவதே இல்லை. கையால் அழித்த பிறகு வந்தது. டிசிபி கனெக்ஷன் என்றால், சும்மா கிடந்தாலும் லினக்ஸ் தானாக அழிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஐந்து நாள்.

அக்டோபர் 21

குன்னூர்க்காரரிடம் இருப்பது மைக்ரோடிக் ரூட்டர். அவரும் மார்க் போட்டுவிட்டார். இப்போது புதுக் கதை: கனெக்ஷன் திறக்கிறது, பிறகு நடுவில் அப்படியே நிற்கிறது. முன்பு திறக்கவே இல்லை, ஆகவே இது முன்னேற்றம்தான்.

ஃபாஸ்ட்டிராக் விதி இருக்கிறதா பாருங்கள். முதல் ஓரிரு பாக்கெட்டுகள் முறையான பாதையில் போகும், மார்க் ஒட்டும், பதில் ரேடியோவில் போகும். அப்புறம் ஃபாஸ்ட்டிராக் அந்தக் கனெக்ஷனைக் குறுக்குவழியில் எடுத்துவிடும். குறுக்குவழியில் மேங்கிள் (மார்க் ஒட்டும் விதிகள்) இல்லை. மேங்கிள் இல்லாவிட்டால் மார்க்கும் இல்லை, மறுபடி ஃபைபர் பக்கம் தள்ளும். மார்க் இல்லாத கனெக்ஷனுக்கு மட்டும் ஃபாஸ்ட்டிராக் என்று அந்த விதியை மாற்றுங்கள்.

அக்டோபர் 21, மாலை

சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். மதியம் நான்கு ஹட்டியிலிருந்தும் தடையில்லாமல் ஏறியதாம். அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம் போலிருக்கிறது.

அக்டோபர் 23

ஊட்டிக்காரர் கதை வேறு மாதிரி. அவர் பார்க்கும் பள்ளியில் இரண்டு லைனுக்கும் இரண்டு தனித்தனி ஃபயர்வால். ஒன்றில் வந்த கனெக்ஷனுக்குச் சர்வர் மற்றதன் வழியாகப் பதில் போடுகிறது. அந்த ஃபயர்வாலுக்கு இந்தக் கனெக்ஷன் தொடங்கியதே தெரியாது, அதனால் தள்ளிவிடுகிறது. இங்கே மார்க் உதவாது, ஏனென்றால் மார்க் ஒரு பெட்டிக்குள் மட்டும் வாழ்வது.

உள்ளே வரும்போதே அனுப்புநர் முகவரியை அந்தந்த ஃபயர்வாலின் உள்முகவரியாக மாற்றிவிடச் சொன்னேன். சர்வர் யார் கேட்டாரோ அவரிடமே திருப்பிக் கொடுக்கும்.

அக்டோபர் 24

மேலே சொன்னதில் ஒரு விலை இருக்கிறது, நேற்றே சொல்லியிருக்க வேண்டும். முகவரியை மாற்றிவிட்டால் சர்வர் லாக்கில் எல்லாரும் ஃபயர்வால் முகவரியிலேயே வருவார்கள். யார் எங்கிருந்து நுழைந்தார் என்று பின்னால் தேட முடியாது. மாணவர்கள் விவரம் இருக்கும் சர்வர் என்றால் நான் அதைச் செய்ய மாட்டேன். சர்வருக்கே இரண்டு உள்முகவரி கொடுத்து, எந்த முகவரியில் வந்ததோ அந்த முகவரிக்குரிய ஃபயர்வால் வழியாகத் திரும்பு என்று சர்வரிலேயே இரண்டு டேபிள் எழுதுவேன். வேலை கூடத்தான். ஆனாலும் அதுதான் சரி.

அக்டோபர் 26

"பனி மூடினால் ரேடியோ லைன் போய்விடும், அதை நம்பியா இவ்வளவு வேலை?" என்று குன்னூரிலிருந்தே இன்னொருவர். இதை இந்த மலையில் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் பல வருஷம் சொன்னேன். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் லிங்க்கை மூடுபனி ஒன்றும் செய்யாது. எங்கள் லிங்க் 6 கிலோமீட்டர். பனி மூடி எதிர் மலையே தெரியாத நாளிலும் சிக்னல் அசையவில்லை.

அசைந்தது சில்வர் ஓக் மரத்தால். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட மரம். வைத்தபோது சின்னது, இன்று நெட்டுக்கு நிற்கிறது. டிஷ்ஷிலிருந்து பார்த்தால் எதிர் டவர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 6 கிலோமீட்டர் லிங்க்குக்கு நடுவழியில் ஃப்ரெனல் வட்டத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய இடம்) ஆரம் 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் அறுபது சதவீதமாவது, அதாவது ஐந்தேகால் மீட்டர், நேர்க்கோட்டைச் சுற்றிக் காலியாக இருக்க வேண்டும். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். பனியும் மழையும் சேர்ந்தே வருவதால் பழியைப் பனி வாங்கிக்கொள்கிறது. தோட்டக்காரரிடம் கேட்டு நான்கு கிளை வெட்டினோம், மரத்தை வெட்டவில்லை.

அக்டோபர் 29

நல்ல மழை. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எதற்கும் பயனில்லை. இரண்டு லைன் என்று பில் இரண்டாக வரும். மலை இறங்கும்போது இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கலாம், ஒரே குழியில் படுத்திருக்கலாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று இங்கிருந்தவர்களுக்கு மறந்திருக்காது. உங்கள் லைன் குன்னூர் ரோட்டில் இறங்குகிறதா, கோத்தகிரி ரோட்டிலா, கூடலூர் பக்கம் போகிறதா என்று கேளுங்கள். ஆபீஸில் கேட்டால் தெரியாது என்பார்கள். கேபிள் ஒட்ட வரும் பையனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், வளைவு வளைவாகச் சொல்வான்.

நான் கேட்டேன். எங்கள் ஃபைபர் கோத்தகிரி-மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்குகிறது. ரேடியோ போய் இறங்கும் டவருக்கு வரும் ஃபைபர் குன்னூர் பக்கத்திலிருந்து வருகிறது. இது தெரிந்த பிறகுதான் மனம் கொஞ்சம் அடங்கியது.

நவம்பர் 3

இலை அதிகம் வரும் நாளாகப் பார்த்து, மாலை 4.30க்கு ஃபைபரைக் கையால் கழற்றினேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான். எடைப் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் சில பதிவுகளுக்கு நடுவில் ஒரு பெருமூச்சு மாதிரி இடைவெளி. ஹட்டியில் நின்ற தம்பிக்குப் போன் போட்டேன். "போகுதுண்ணா, ஆனா சிலதுக்கு பத்து எண்ணிட்டுதான் போகுது" என்றார்.

ஃபைபர் முகவரி முதலில் கிடைத்த போன், அது இறந்தது தெரியாமல் ஆப்பில் வைத்த பத்து விநாடி முழுக்கக் காத்திருந்து, பிறகுதான் ரேடியோ முகவரிக்குப் போகிறது. ரூட்டரில் இதற்கு மருந்து இல்லை.

நவம்பர் 5

ஆப் எழுதியவரிடம் பேசி அந்தக் காத்திருப்பை 4 விநாடி ஆக்கினோம். அதற்கும் கீழே போக அவர் தயார், நான்தான் வேண்டாம் என்றேன். முதல் சின், 1ஆம் விநாடியில் ஒன்று, 3ஆம் விநாடியில் ஒன்று: சிக்னல் இளைத்த ஹட்டியில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் மூன்று தடவை கேட்க இடம் வேண்டும். இன்று 4.30க்கு மறுபடி கழற்றினேன். தம்பி நாலைந்து எண்ணுவதற்குள் ரசீது வந்துவிட்டதாகச் சொன்னார். 5.15க்கு ஃபைபரைத் திரும்ப மாட்டினேன்; ஹட்டியில் யாருக்கும் அது தெரியவில்லை.